குளிரறையில் தூங்கிய கார்னேஷன்கள்: பழமும் பூவும் சேர்ந்த ஒரு திருமண அலங்காரம் பற்றிய நிகழ்வு ஆய்வு

விருந்தினர் வருவதற்கு ஏழரை மணி நேரம் இருந்தபோது, பன்னிரண்டாவது மேசையின் விரிப்பில் நீல இதழ்கள் கொட்டிக் கிடந்தன. அவை வாடியவை அல்ல. கையில் எடுத்துப் பார்த்தால் ஈரமும் நிறமும் குன்றாமல், அப்போதுதான் கிள்ளிப் போட்டது போல இருந்தன. மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பெண், யாருடைய கையோ பட்டு உதிர்ந்திருக்கும் என்று எண்ணி, அவற்றைத் துடைத்தெடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அங்கும் அப்படியே கிடந்தது. மூன்றாவது மேசையில் டெல்பினியம் என்ற நீலப் பூவின் தண்டு ஒன்றை அவர் விரலால் மெல்லத் தட்டியபோது, பாதிப் பூக்கள் ஒன்றாக இறங்கின. பிறகுதான் என்னை அழைத்தார்.

இது நாங்கள் பொறுப்பேற்றுச் செய்த ஒரு திருமண வரவேற்பு அலங்காரம். தவறும் எங்களுடையதே. அலங்காரம் ஒருவழியாக நிறைவேறியது. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆனாலும் அன்று எங்கே பிசகியது என்பதை விரிவாக எழுதிவைப்பதற்குக் காரணம் உண்டு. பிசகிய இடம் வடிவமைப்பும் அல்ல, கைவேலையும் அல்ல. இப்போது பரவலாக விரும்பப்படும் ஒரு பாணி, அதுவரை ஒன்றாக இருந்திராத இரண்டு பொருள்களை ஒரே அறையில் ஓர் இரவு தங்கவைத்தது. அந்த இரவைப் பற்றி எங்கள் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

கேட்கப்பட்டது என்ன

மணமக்கள் கொண்டுவந்த படங்கள் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களின் சாயலில் அமைந்தவை. இருண்ட பின்னணி, மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கும் கொடி, கொத்துக் கொத்தாகத் திராட்சை, பிளந்து வைத்த அத்திப்பழம், அவற்றுக்கு நடுவே எந்தத் திசைக்கும் கட்டுப்படாமல் எழும்பி நிற்கும் பூக்கள் என எல்லாமே அந்த ஓவியங்களை நினைவூட்டின. உருண்டையாகக் கத்தரித்தது போன்ற பூக்கூடைகள் வழக்கொழிந்து, தோட்டத்திலிருந்து அள்ளி வந்து வைத்தது போன்ற தோற்றம் விரும்பப்படும் காலம் இது. அதில் பழம் சேர்வது அடுத்த படி. இது முற்றிலும் புதியதும் அல்ல. கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை (1886–1960) என்ற பிரிட்டிஷ் மலர் வடிவமைப்பாளர் 1930களிலேயே கேல் கீரையையும் காட்டுக் காய்களையும் களைச்செடிகளையும் விலையுயர்ந்த பூக்களுக்குப் பக்கத்தில் வைத்துக்காட்டினார்.

அந்த ஓவியங்களைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அவற்றில் நாம் பார்க்கும் கொத்து எந்த மேசையிலும் எந்த நாளிலும் இருந்ததில்லை. வசந்தத்தின் டியூலிப்பும் கோடையின் ரோஜாவும் ஒரே குவளையில் நிற்கும். யான் வான் ஹாய்சம் (1682–1749) ஓர் ஓவியத்தில் 1736, 1737 என்று இரண்டு ஆண்டுகளையும் குறித்திருக்கிறார். அந்தந்தப் பருவத்துப் பூ மலரும்வரை அவர் காத்திருந்து வரைந்தார். ஆகவே ஓவியத்தில் பழமும் பூவும் ஒன்றாக இருந்தாலும் அவை ஒரே காற்றை மூச்சுவிட்டிருக்க வேண்டிய தேவை இல்லை. படத்தைப் பார்த்து மேசையைத் திட்டமிட்டபோது இது எங்கள் நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது கோரிக்கை, பச்சை நுரைக்கட்டியைப் பயன்படுத்தக் கூடாது என்பது. நீரை உறிஞ்சிவைத்துக்கொண்டு, குத்திய தண்டைக் குத்திய கோணத்திலேயே நிறுத்தும் அந்தக் கட்டியை வெர்னான் ஸ்மிதர்ஸ் என்பவர் 1954இல் அறிமுகப்படுத்தினார். அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்தத் தொழிலே அதன்மீது நின்றது என்றால் மிகையில்லை. ஆனால் அது பினால் பிசினால் ஆன நெகிழி. கையில் நொறுங்கும் தூள் நுண்நெகிழியாக நீரில் கலக்கிறது என்பது தெளிவானபின் எதிர்ப்பு வலுத்தது. பிரிட்டனின் ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி 2021 முதல் தன் மலர்க் கண்காட்சிகளில் அதைத் தடைசெய்தது. அதற்கு முன்பே, 2018இல் வின்ட்சரில் நடந்த அரச குடும்பத் திருமணத்துக்கு பிலிப்பா கிராடக் செய்த அலங்காரம் நுரைக்கட்டி இல்லாமல் அமைந்திருந்தது. 2011இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த இன்னோர் அரச குடும்பத் திருமணத்தில் ஷேன் கானலி வெட்டிய பூக்களை நம்பியிராமல், வேரோடு கூடிய மேப்பிள், ஹார்ன்பீம் மரங்களையே உள்ளே நிறுத்தினார். உலகமே பார்த்த இந்த இரு நிகழ்வுகளுக்குப் பிறகு, ‘மண்ணுக்குக் கேடில்லாத அலங்காரம்’ என்பது வாடிக்கையாளர்கள் தாங்களாகவே எழுப்பும் கோரிக்கையாகிவிட்டது.

நாங்கள் வகுத்த திட்டம்

இருபத்துநான்கு வட்ட மேசைகள், மணமக்களுக்கான ஒரு நீள மேசை, அதன் மேல் ஆறு மீட்டர் நீளத்தில் தொங்கும் பூச்சட்டம், நுழைவாயிலில் கிளைகளும் பெரிய சாமந்திகளும் சேர்ந்த ஓர் அமைப்பு. மண்டபம் நான்கு புறமும் மூடிய, குளிரூட்டப்பட்ட மண்டபம்.

மேசைகளில் நுரைக்கட்டிக்குப் பதிலாகச் சுருட்டிய கோழிவலையும், இகெபானா என்ற ஜப்பானிய மலர் அலங்காரக் கலைஞர்கள் பயன்படுத்தும் ஆணிப்பலகையான கென்சானும் வைத்தோம். இவற்றில் பூவின் தண்டு நேரடியாகத் தண்ணீரில் நிற்கிறது. நுரைக்கட்டியைவிடப் பூ நன்றாகவே நீர் குடிக்கும். ஆனால் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். நுரைக்கட்டியில் ஒரு மேசைக்கு ஆகும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு வைத்துக்கொண்டுதான் ஆள்களைப் பிரித்தோம். இந்தக் கணக்கு பிசகவில்லை.

நிறங்களைத் தேர்ந்தபோது ஒரு சோதனை செய்தோம். புகைப்படத்தில் அழகாகத் தெரியும் மங்கிய பழுப்பு, தேநீர் நிற ரோஜாக்கள், 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் வெளிச்சத்தில் சேற்று நிறமாக இறங்கிவிடுவது உண்டு. நீலமும் ஊதாவும் அந்த வெளிச்சத்தில் சாம்பலாகும். அதனால் ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு தண்டுகளை எடுத்துப்போய், மண்டபத்தின் மாலை விளக்குகளைப் போட்டுப் பார்த்தோம். டெல்பினியத்தின் நீலம் மேசைக்கு நேர் மேலே விழும் வெள்ளை விளக்கில் நன்றாகவும், சுவரோர விளக்கில் மோசமாகவும் தெரிந்தது. எனவே நீலத்தை மேசைகளுக்கு மட்டும் ஒதுக்கினோம். உயரத்திலும் கவனம் தேவைப்பட்டது. எதிரெதிரே அமர்பவர்கள் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பதால் அடர்ந்த பகுதி முப்பது சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் போவது டெல்பினியம் போன்ற மெல்லிய தண்டாக, இடையில் வெளி தெரிவதாக இருக்க வேண்டும்.

கார்னேஷன் ஏன் என்று கேட்கலாம். நெடுங்காலம் மலிவான பூ என்று ஒதுக்கப்பட்டிருந்த கார்னேஷன், புகைபிடித்தது போன்ற ஊதா, பழுப்பு, மங்கிய இளஞ்சிவப்பு என்று புதிய நிறங்களில் வந்தபின் வடிவமைப்பாளர்கள் விரும்பித் தேடும் பூவாகிவிட்டது. நெருக்கி வைத்தால் மடிப்பு மடிப்பாகத் துணி விரித்தது போலத் தெரியும். இரண்டு வாரம்கூடத் தாங்கும் உறுதியான பூ என்ற பெயரும் அதற்கு உண்டு. அந்தப் பெயரை நம்பித்தான் வட்ட மேசைக்குப் பதினெட்டும் நீள மேசைக்கு நூற்று அறுபத்தெட்டுமாக அறுநூறு தண்டுகளைத் திட்டத்தில் வைத்தோம். சட்டையில் குத்தும் சிறு கொத்துகளுக்காக மேலும் நாற்பது வாங்கினோம். இந்த நாற்பதுதான் பின்னால் எங்களுக்கு வழிகாட்டியது.

பழங்கள் பன்னிரண்டு பெட்டிகள் வந்தன. திராட்சை, மாதுளை, எலுமிச்சை ஆகியவை ஐந்து பெட்டி. ஆப்பிள், பேரி, அத்தி ஆகியவை ஏழு பெட்டி. பேரிப்பழங்களைக் ‘கொஞ்சம் கனிந்தவையாக’ கேட்டு வாங்கியவள் நான்தான். மஞ்சள் ஓடிய பேரி படத்தில் நன்றாக விழும்.

வெள்ளிக்கிழமை மாலை

பூக்கள் வியாழக்கிழமை காலையே வந்துவிட்டன. தண்டின் அடியைச் சாய்வாகச் சீவி, நீருக்குள் போகும் இலைகளை உருவி, சர்க்கரையும் அமிலமும் கிருமிநாசினியும் அளவாகக் கலந்த பூ உணவு நீரில் நிறுத்தி, 2 டிகிரி செல்சியஸில் குளிரறைக்குள் வைத்தோம். தமிழில் பூவின் பருவத்துக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஏழு பெயர்கள் சொல்லப்படுகின்றன. அலங்காரக்காரரின் வேலை முழுவதும் முகைக்கும் அலருக்கும் இடைப்பட்ட இடத்தை, குறிப்பிட்ட ஒரு மாலையின் குறிப்பிட்ட நான்கு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவதுதான். குளிரறை அதற்கான கடிகாரம்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆந்தூரியங்கள் வந்தன. அவை வெப்பமண்டலப் பூக்கள். ஏறத்தாழ 12 டிகிரிக்குக் கீழே போனால் குளிரால் புண்பட்டுக் கறுக்கும். எங்களிடம் இருப்பது ஒரே குளிரறை. மற்ற பூக்கள் ஓர் இரவு 13 டிகிரியில் இருந்தால் சற்றே விரியும், அவ்வளவுதான், அது நமக்கும் நல்லதுதான் என்று கணக்கிட்டு வெப்பநிலையை 13க்கு ஏற்றினோம். ஐந்து மணிக்குப் பழப்பெட்டிகள் வந்தன. வெளியே வைத்தால் அத்தி குழைந்துவிடும் என்பதால் அவற்றையும் உள்ளே அடுக்கினோம். கதவைச் சாத்தினோம். மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் திறந்தோம். இடையில் பதின்மூன்று மணி நேரம்.

இந்த நான்கு முடிவுகளில் எதையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. அனுபவமுள்ள யாரும் எடுத்திருக்கக்கூடியவைதாம் எல்லாம்.

சனிக்கிழமை

காலையில் கதவைத் திறந்தபோது எதுவும் தவறாகத் தெரியவில்லை. பழவாசனை நன்றாக இருப்பதாகக்கூட ஒருவர் சொன்னார். ஏழு மணிக்கு மண்டபத்துக்குக் கொண்டுபோய் வேலையைத் தொடங்கினோம். பதினொரு மணிக்கு, முன்பே சொன்னபடி, டெல்பினியம் உதிரத் தொடங்கியது. அதே நேரத்தில் கார்னேஷன்களின் விளிம்பு இதழ்கள் உள்நோக்கிச் சுருளத் தொடங்கியிருந்தன. குடையை மடக்குவது போல, விரிந்த பூ மெல்ல மெல்லத் தன்னைத் திரும்ப மூடிக்கொள்வதைப் பார்ப்பது விசித்திரமான அனுபவம். நிறம் மாறவில்லை, தண்டு தளரவில்லை, தலை சாயவில்லை. பூ மட்டும் பாதியாகச் சுருங்கியிருந்தது.

முதல் சந்தேகம் தண்ணீர்மீதுதான் விழுந்தது. ஆறு தண்டுகளை எடுத்து அடியை மறுபடி சீவி வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினோம். ஒரு மணி நேரம் பார்த்தோம், மாற்றமில்லை. எங்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்யும் பெண் ஒருத்தி வாளியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அக்கா, தண்ணியெல்லாம் நல்லாத்தான் குடிக்குது. பூதான் தூங்குது.”

அவள் சாதாரணமாகச் சொன்ன சொல் அது. கார்னேஷன் வளர்ப்பவர்கள் நூறாண்டுக்கு மேலாக இந்த நோய்க்கு வைத்திருக்கும் பெயரும் ‘தூக்கம்’ என்பதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகாகோவில், விளக்கெரிக்கும் வாயு கசிந்த பசுமைக் கூடங்களில் கார்னேஷன்கள் இப்படித் தூங்கி, வளர்ப்பவர்களுக்குப் பெரும் இழப்பு ஏற்பட்டது. வில்லியம் கிராக்கரும் லீ நைட்டும் 1908இல் அதை ஆராய்ந்து, வாயுவில் இருந்த எத்திலீன்தான் காரணம் என்று காட்டினார்கள். இருபது லட்சம் பங்கு காற்றில் ஒரே பங்கு எத்திலீன் பன்னிரண்டு மணி நேரம் இருந்தால், விரிந்த கார்னேஷன் மூடிக்கொள்ளும் என்பது அவர்களது கணக்கு. ஆப்பிள் போன்ற கனியும் பழங்கள் அதே வாயுவைத் தாங்களே உண்டாக்குகின்றன என்பதை ரிச்சர்டு கேன் 1934இல் உறுதிப்படுத்தினார். எங்கள் பூக்கள் கனிந்த பேரியோடும் ஆப்பிளோடும் மூடிய அறையில் இருந்தது பதின்மூன்று மணி நேரம்.

அன்று மதியம் இவ்வளவும் யோசிக்க நேரமில்லை. சுருண்டவற்றை எடுத்துவிட்டு, நுழைவாயிலுக்கு வைத்திருந்த பெரிய செம்புநிறச் சாமந்திகளை மேசைகளுக்கு மாற்றினோம். பதினான்கு மேசைகளில் டெல்பினியத்தை முழுவதுமாக நீக்கினோம். நுழைவாயில் வெறும் கிளைகளாக நின்றது. உண்மையைச் சொன்னால், அது திட்டமிட்டதைவிட நன்றாகவே இருந்தது. பொறுப்பாளராக இருந்த மணமகளின் அக்காவிடம் மூன்று மணிக்கே நிலைமையைச் சொன்னோம். “நீலம் இல்லாட்டி பரவாயில்லைங்க, மேசை காலியா தெரியக் கூடாது” என்றார். மேசை காலியாகத் தெரியவில்லை. ஆனால் படத்தில் கேட்டது அது அல்ல. நீக்கிய பகுதிக்கான தொகையைக் கணக்கில் கழித்துக் கொடுத்தோம்.

காரணத்தை உறுதிசெய்தது எப்படி

எத்திலீன் என்று பெயர் சொல்லிவிடுவது எளிது. பூத்தொழிலில் விளங்காத எந்தக் கோளாற்றையும் அதன் தலையில் கட்டிவிடும் பழக்கமும் உண்டு. ஆகவே அடுத்த வாரம் அமர்ந்து, மாற்றுக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம்.

பூக்கள் வரும்போதே கெட்டிருந்தனவா? சட்டைக் கொத்துகளுக்காகத் தனியே எடுத்த நாற்பது கார்னேஷன்கள் அதே பண்ணையிலிருந்து, அதே பெட்டியில், அதே வண்டியில் வந்தவை. கொத்துக் கட்டுபவர் வியாழக்கிழமையே அவற்றைப் பட்டறைக்கு எடுத்துப்போய் நீரில் வைத்திருந்தார். குளிரறைப் பக்கமே அவை போகவில்லை. நாற்பதில் ஒன்றுகூடச் சுருளவில்லை. இதனால் பண்ணையின் குறை, வழிப்பயணத்தில் பட்ட வாகனப் புகை என்ற இரண்டு சந்தேகங்களும் ஒரே அடியில் தீர்ந்தன. வாகனப் புகையிலும் எத்திலீன் உண்டு என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானதே.

குளிரறையில் வேறு ஏதேனும் கெட்டிருந்ததா? அதே இரவை அங்கே கழித்த ஆந்தூரியம், ஜெர்பரா, சாமந்தி மூன்றுக்கும் ஒரு குறையும் இல்லை. தண்ணீரோ வெப்பநிலையோ காரணமாக இருந்திருந்தால் அவற்றிலும் ஏதாவது தெரிந்திருக்கும். இந்த மூன்று பூக்களும் எத்திலீனைப் பெரிதாகப் பொருட்படுத்தாதவை. கார்னேஷனும் டெல்பினியமும் அதற்கு மிக எளிதில் ஆட்படுபவை. கெட்டவை, கெடாதவை என்ற பட்டியல் அந்த வாயுவின் பெயரைத்தான் சொல்லியது. டெல்பினியத்தில் நாம் இதழ் என்று நினைப்பவை உண்மையில் புல்லிகள். எத்திலீன் அவற்றின் அடியில் உள்ள பிரியும் அடுக்கைத் தூண்டிவிடுகிறது. அதனால்தான் அவை வாடாமலே உதிர்ந்தன. ரோஜாக்களில் வகைக்கு வகை வேறுபாடு இருந்தது. ஒரு வகை சற்று முன்னதாக விரிந்து தளர்ந்தது, மற்றவை தாக்குப்பிடித்தன.

எங்களை உறுதியாக நம்பவைத்தது மூன்றாவது சான்று. குளிரறைக்குள் இருந்த அறுநூறு கார்னேஷன்களில் நானூறு ஒரு பண்ணையிலிருந்தும் இருநூறு இன்னொன்றிலிருந்தும் வந்தவை. முதல் பண்ணையின் பூக்களில் பெரும்பாலானவை சுருண்டிருந்தன. இரண்டாவதில் இருபத்துச் சொச்சம்தான். இரண்டாவது பண்ணையின் கட்டுகளில் இருந்த சீட்டைத் தேடியெடுத்துப் பார்த்தபோது, அறுவடை முடிந்ததும் வெள்ளித் தயோசல்பேட் கரைசலில் பதப்படுத்தியது என்று எழுதியிருந்தது. 1970களின் பிற்பகுதியிலிருந்து பயன்பாட்டில் உள்ள இந்தக் கரைசலின் வெள்ளி அயனிகள் பூவுக்குள் போய், எத்திலீன் வந்து ஒட்டும் இடத்தின் வேலையை முடக்கிவிடுகின்றன. வாயு சூழ்ந்திருந்தாலும் பூவுக்கு அது தெரியாது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிஸ்லரும் பிளாங்கன்ஷிப்பும் கண்டறிந்து 1996இல் காப்புரிமை பெற்ற 1-மெத்தில்சைக்ளோபுரோப்பீன் என்ற வாயுவும் அந்த இடத்தை அடைத்தே காக்கிறது. சீட்டில் அந்த ஒரு வரியை வாங்கும்போதே படித்திருக்க வேண்டும். நாங்கள் பார்த்தது நிறத்தின் பெயரை மட்டும்.

காலையில் ஏன் தெரியவில்லை என்ற கேள்வி எஞ்சியிருந்தது. கார்னேஷன் எத்திலீனால் ஒருமுறை தூண்டப்பட்டால் தானும் அதை உற்பத்தி செய்யத் தொடங்கிவிடும். அதன்பின் பழத்தை அப்புறப்படுத்திப் பயனில்லை. ஆறு மணிக்கு அறையைத் திறந்தபோது பூவுக்குள் வேலை தொடங்கிவிட்டிருந்தது. மண்டபத்தின் வெதுவெதுப்பில் ஐந்து மணி நேரத்துக்குள் அது வெளியே தெரிந்தது.

வெப்பநிலை இங்கே முக்கியமானது. 2 டிகிரியில் பழம் எத்திலீனை மிகக் குறைவாகவே விடும். பூவும் அதற்கு அவ்வளவாக இணங்காது. அதாவது அறை வழக்கமான குளிரில் இருந்திருந்தால், பழம் உள்ளே இருந்தும் நாங்கள் தப்பித்திருக்கக்கூடும். ஆந்தூரியம் மட்டும் வந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பழம் மட்டும் வந்திருந்தால் சேதம் குறைந்திருக்கும். ஆந்தூரியத்துக்காகச் சூடேற்றிய அறையில் பழமும் வந்து சேர்ந்ததுதான் வினையாயிற்று. ஆந்தூரியம், பழம், கார்னேஷன் ஆகிய மூன்றும் இன்றைய விருப்பங்கள். பழைய பாணி அலங்காரத்தில் இவை ஒரே ஆர்டரில் சேர்ந்து வந்ததில்லை. ஆகவே பழைய குளிரறைப் பழக்கங்கள் எங்களை எச்சரிக்கவும் இல்லை.

ஐயம் அறவே தீர வேண்டும் என்று, மூடியுள்ள இரண்டு பெரிய வாளிகளில் பத்துப் பத்து கார்னேஷன்களை நீரோடு வைத்து, ஒன்றில் மட்டும் நான்கு ஆப்பிள்களைப் போட்டு, 13 டிகிரியில் ஓர் இரவு வைத்தோம். காலையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. மதியத்துக்குள் ஆப்பிளோடு இருந்தவற்றில் எட்டு சுருண்டுவிட்டன. மற்ற வாளியில் ஒன்றும் ஆகவில்லை.

தொங்கும் சட்டம்

அதே மாலையில் இன்னொரு குறையும் நேர்ந்தது. அதற்கும் எத்திலீனுக்கும் தொடர்பில்லை. நீள மேசையின் மேல் தொங்கிய சட்டத்தில் ஹைட்ரேஞ்சியாக்களைச் சிறு தண்ணீர்க் குழல்களில் செருகியிருந்தோம். எட்டு மணி அளவில் வலதுபுறத்து மூன்றில் ஒரு பங்கு பூக்கள் நனைந்த காகிதம்போலத் துவண்டன. இடதுபுறம் அப்படியே இருந்தது. குளிரூட்டியின் காற்றுவாய் வலதுபுறத்தை நோக்கித் திறந்திருந்தது. ஹைட்ரேஞ்சியாவின் அகன்ற புல்லிகள் நீரை வேகமாக வெளிவிடுபவை. உலர்ந்த குளிர்காற்று நேராக அடிக்கும்போது, குழலில் உள்ள ஓரிரு மடக்கு நீர் வெகுநேரம் தாங்காது. வாடிய ஹைட்ரேஞ்சியாவின் தலையை நீரில் முக்கினால் மீண்டெழும் என்பது உண்மைதான். விருந்தினர் தலைக்கு மேல் நான்கு மீட்டர் உயரத்தில் தொங்குவதை எப்படி முக்குவது? மண்டபத்தை அளக்கப் போன அன்று குளிரூட்டி ஓடவில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்த நாங்கள் காற்றைப் போட்டுப் பார்க்கவில்லை.

மாற்றிக்கொண்டவை

மண்டபத்தைப் பார்வையிடும் நாளில் இப்போது விளக்கோடு குளிரூட்டியையும் முழு வேகத்தில் ஓடவிட்டு, சட்டம் தொங்கப்போகும் உயரத்தில் மெல்லிய காகித நாடாவைப் பிடித்துப் பார்க்கிறோம். நாடா ஆடும் இடத்தில் ஹைட்ரேஞ்சியா போவதில்லை. அங்கே இலைக்கிளையோ உலர்பூவோ போகும்.

பூ வாங்கும்போது, கார்னேஷனுக்கும் டெல்பினியத்துக்கும் எத்திலீன் தடுப்புப் பதம் செய்யப்பட்டதா என்று பண்ணையிடம் எழுத்தில் கேட்கிறோம். வெப்பமண்டலப் பூக்கள் குளிரறைக்குள் போவதே இல்லை. நிழலான, காற்றோட்டமுள்ள அறை ஒன்று அவற்றுக்குப் போதுமானதாக இருக்கிறது.

பழத்தை விட்டுவிடலாமா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. விட மனம் வரவில்லை. அந்தப் பாணியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பழங்களைப் பிரித்துப் பார்த்தால் வழி தெரிகிறது. பறித்தபின்னும் கனியும் ஆப்பிள், பேரி, அத்தி, பேஷன் பழம் ஆகியவை எத்திலீனை நிறைய விடுபவை. பறித்தபின் கனியாத திராட்சை, மாதுளை, எலுமிச்சை, ஆரஞ்சு, செர்ரி ஆகியவை மிகக் குறைவாகவே விடும். கறுத்த திராட்சையும் பிளந்த மாதுளையும் போதிய இருளையும் பளபளப்பையும் தந்துவிடுகின்றன. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பச்சைப் பூஞ்சை பிடித்த எலுமிச்சையும் ஆரஞ்சும் எத்திலீனைத் தாராளமாக விடும். ஒன்று அழுகியிருந்தாலும் பெட்டி முழுவதும் சந்தேகத்துக்குரியதுதான். ஆகவே பெட்டி வந்ததும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பது ஒருவரின் தனி வேலையாகிவிட்டது.

பேரிதான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கனியாத, கெட்டியான பேரியை வாங்குகிறோம். அது எங்கள் பட்டறைக்கு வருவதில்லை. விருந்துக்கு மூன்று மணி நேரம் முன்பு நேரே மண்டபத்துக்கு வந்து, திறந்த மேசையில் ஏறுகிறது. மஞ்சள் நிறம் வேண்டுமானால் அதன்மீது விழும் விளக்கை மாற்றிக்கொள்கிறோம்.